பங்குனியில் தவறிய 21 நாள்

நெசவாளரும் பயிரிடுவோரும் சேர்ந்து படிக்கும் இவ்விதழில் கறவை மாட்டைப் பற்றி எழுத நீண்ட முகவுரை தேவையில்லை. புதுவை நகரிலும் நகரை ஒட்டிய ஊர்களிலும் தறி இருக்கும் வீட்டின் பின்கட்டில் ஒரு பசு நிற்பதை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். தறிக் கூலி ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வாராது. நெல் போகத்திற்கு ஒருமுறைதான் பணமாகும். காலையும் மாலையும் அளந்து ஊற்றிக் கணக்கு வைக்கக்கூடிய வருமானம் பால் ஒன்றே. ஆகவே ஒரு பசு நான்கு மாதம் வற்றிப் போனால், அக்குடும்பத்தின் மளிகைக் கணக்கும் பள்ளிக்கூடச் செலவும் சங்கக் கடன் தவணையும் ஒருங்கே தடைப்படுகின்றன. மாசிப் பிற்பகுதி தொடங்கிச் சித்திரை முடியக் கொட்டகையில் செய்ய வேண்டிய வேலைகளையும், அவ்வேலைகள் தவறுவதால் நேரும் இடர்களையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

மேனாடுகளில் வசந்த காலம் என்றால் பனி உருகிப் புல் முளைத்து, குளிர்காலம் முழுவதும் உள்ளே அடைபட்டிருந்த மாடுகள் மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடப்படும் நாள். நமக்கு நேர்மாறு. புதுவைக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஊசுட்டேரிக் கரையிலும் பாகூர் ஏரியைச் சுற்றியும் தை மாதம் வரை பசுமை இருக்கும். மாசி மகத் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளிய சுவாமிகள் ஊர் திரும்பும் காலத்தில் வரப்புப் புல்லின் நுனி கருகத் தொடங்கிவிடும். கவிகள் புகழும் இளவேனில் மாட்டுக்குப் பசியும் வெப்பமும் சேர்ந்து வரும் பருவம். அடுத்த ஆண்டு எந்த மாதத்தில் பால் இருக்கும், எந்த மாதத்தில் இராது என்பது பெரும்பாலும் இப்பருவத்தில்தான் முடிவாகிறது. இதை நாம் புத்தகத்தில் படித்திருந்தோம் எனினும், ஓர் அம்மையாரின் கொட்டகையில்தான் உண்மையாகக் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மாசிக் கடைசியில் நகர்ப்புறச் சங்கமொன்றின் கடன் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. கறவை மாட்டுக் கடன் பெற்றவர்களுள் ஒருவர் முத்தியால்பேட்டை நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மையார். கணவர் காலமான பின் ஒரு தறியும் ஒரு பசுவுமாகக் குடும்பத்தை நடத்தி வந்தவர். 50,000 ரூபாய் கடன், 20 மாதத் தவணை, மாதம் 2,500 ரூபாய் அசலும் வட்டியும். முந்தைய மார்கழியில் கன்றோடு பசுவை வாங்கியிருந்தார். பேரேட்டில் தை முதல் ஐப்பசி வரை 10 தவணைகள் ஒருநாளும் பிந்தாமல் வரவாகியிருந்தன. கார்த்திகை, மார்கழி, தை, மாசி ஆகிய நான்கு மாதங்களுக்கும் எதிரே ஒன்றுமில்லை.

ஈடாக எழுதப்பட்ட மாடு இருக்கிறதா என்று பார்ப்பது நமது கடமை. காரியதரிசியுடன் வீட்டிற்குச் சென்றோம். பசுவின் காதிலிருந்த வில்லையின் 12 இலக்கங்களைக் கடன் பத்திரத்தோடு ஒப்பிட்டோம், சரியாக இருந்தது. கறவை நின்று நான்கு மாதத்திற்கு மேல் ஆகிறது என்றார் அம்மையார். ‘மாடு உள்ளது. கடனாளி தவணை தவறியவர்’ என்று குறித்துக்கொண்டு புறப்பட்டோம். வாசல்வரை வந்த அம்மையார், “ஐயா, தறி நின்றால் இராத்திரி விளக்கேற்றி வைத்தாவது ஓட்டிவிடுவேன். மாடு நின்றால் நான் என்ன செய்வேன்? நீங்கள் காதைப் பார்த்தீர்கள், வயிற்றைப் பார்க்கவில்லையே” என்றார்.

நாம் திரும்பிச் சென்று பார்த்தோம். ஏழு மாதம் கடந்த சினை. கூட்டுறவுச் சட்டமும் துணை விதிகளும் பேரேட்டைப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. பட்டப் படிப்பும் அதையே கற்றுக்கொடுத்தது. மாட்டின் வயிற்றைப் பார்க்க எவரும் சொல்லித் தரவில்லை என்பது உண்மையே. ஆயினும் மாட்டுக் கடனைப் பரிசீலிக்க வருபவன் அதைப் பாராமல் எழுதியது நமது பிழையே என்று ஒப்புக்கொள்கிறோம்.

அவ்வீட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அம்மையாரின் மகள் மாத நாட்காட்டியின் கட்டங்களில் காலைப் பால், மாலைப் பால் அளவுகளை எழுதி வந்திருந்தாள். பழைய ஆண்டு நாட்காட்டியும் அதே ஆணியில் பின்புறமாகத் தொங்கியது. அதை இறக்கித் திண்ணையில் வைத்துக்கொண்டு பார்த்தோம். பசு மார்கழி முதல் வாரத்தில் ஈன்றது. பங்குனித் தொடக்கத்தில் ஒருநாள் பால் திடீரென்று ஒரு லிட்டர் குறைந்து, மறுநாள் பழைய அளவுக்கு ஏறியிருந்தது. ஏறத்தாழ 21 நாள் கழித்து, பங்குனிக் கடைசி வாரத்தில் மீண்டும் அதே குறைவு. சித்திரையில் ஒன்று, வைகாசியில் இரண்டு, ஆனியில் ஒன்று, ஆடி பிறந்தவுடன் ஒன்று, ஆக ஏழு குறைவுகள். அதன்பின் அத்தகைய குறைவு இல்லை. பால் தானாகச் சிறிது சிறிதாக இறங்கி, ஐப்பசித் தொடக்கத்தில் நின்றுவிட்டது.

பசு பருவத்திற்கு வரும் நாளில் தீனியில் மனம் செல்லாமல் பால் குறைவது உண்டு. அந்த ஏழு குறைவுகளும் ஏழு பருவ நாட்கள். மகள் அறியாமலே அவற்றை எழுதி வைத்திருந்தாள்! அம்மையாரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டோம். பங்குனி முதலில் பசு இரவெல்லாம் கத்தியது. கன்றைத் தேடுகிறது என்று நினைத்தாராம். இரண்டாவது முறை விடியலில் அடையாளம் கண்டார். ஆனால் அன்று சேலையை ஒப்படைக்க வேண்டிய நாள். மருந்தகத்திற்குப் போவதற்குள் பொழுது போய்விட்டது. சித்திரையில் மூன்றாம் நாள் அழைத்துச் சென்று சினை ஊசி போட்டார். அதற்குள் கருமுட்டையின் காலம் கடந்துவிட்டது. ஊசி போட்டாயிற்று, ஆகவே சினைதான் என்று நம்பி வைகாசி முழுவதும் பாராமல் இருந்தார். சினைப் பரிசோதனை செய்யவில்லை. ஆனியில் மீண்டும் அடையாளம் கண்டு ஊசி போட்டும் நிற்கவில்லை. ஆடியில்தான் நின்றது.

இப்போது கணக்கிடுவோம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஈன்ற பின் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப 60 நாள் விட்டு, 85 அல்லது 90 நாளுக்குள் சினையானால் ஆண்டுக்கு ஒரு கன்று. இப்பசு பங்குனித் தொடக்கத்தில் ஈன்று 85 நாளில் இருந்தது. அன்று சினையாகியிருந்தால் அடுத்த மார்கழி முதல் வாரத்தில் ஈன்றிருக்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமே வற்றல் காலம். அது மடிக்கு ஓய்வு, வயிற்றுக் கன்றுக்கு ஊட்டம், எப்படியும் விட வேண்டிய 60 நாள். ஆனால் ஆறு சுற்றுகள் தவறின. ஆறு முறை 21 நாள், ஆக 126 நாள். அத்தனை நாளும் வற்றல் காலத்தோடு கூடிக்கொண்டன. பசுவின் ஒருநாள் தீனிச் செலவு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 126 நாளுக்கு 18,900 ரூபாய். அவர் கட்டத் தவறிய நான்கு தவணைகளின் அசல் 10,000 ரூபாய்தான். கடன் கார்த்திகையில் தவறியது என்று பேரேடு சொல்லிற்று. உண்மையில் அது பங்குனியிலேயே தவறிவிட்டது.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அன்றே கண்டு முடிச்சுப் போடுகிறார். விட்டால் துணியில் குறை தெரியும், கூலி பிடிக்கப்படும். மாட்டில் அறுந்த இழை எட்டு மாதம் கழித்தே தெரிகிறது. இத்தொழிலின் கடினம் அதுவே.

பங்குனி, சித்திரையில் இவ்விழை அதிகமாக அறுவதற்குக் காரணம் உண்டு. சீமை இரத்தம் கலந்த பசு 25, 26 பாகை செல்சியஸுக்கு மேல் சென்றாலே வெப்பத்தை உணரத் தொடங்குகிறது. நமது பங்குனி நண்பகல் அதைக் கடந்து வெகுதூரம் செல்கிறது. கடற்காற்று வீசினாலும் அதிலுள்ள ஈரம் மாட்டின் உடல் சூடு ஆறுவதற்குத் தடையாகிறது. வெப்பத்தால் தீனி குறையும். பருவ அடையாளங்கள் மங்கும். 12 முதல் 18 மணி நேரம் நிற்க வேண்டிய பருவம் சுருங்கி இரவிலேயே வந்து போய்விடும். பகல் பத்து மணிக்குக் கொட்டகையைப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இம்மாதங்களில் விடியற்காலம் ஒருமுறை, இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை, கையில் விளக்குடன் சென்று ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அறையின் வழியே கண்ணாடி போன்ற வழும்பு தொங்குகிறதா, வாலின் அடியில் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதா, அடுத்த மாட்டின்மேல் தாவுகிறதா என்று பார்த்தால் போதும். ஒற்றை மாடு கட்டியுள்ள வீட்டில் தாவுவதற்கு இணை இல்லை. அங்கே வழும்பும் பால் குறைவுமே சாட்சிகள். காலையில் அடையாளம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது நடைமுறை. ஊசி போட்ட 21-ஆம் நாளைக் குறித்து, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் கவனிக்க வேண்டும். அன்று திரும்பவில்லை என்பதால் மட்டும் சினை என்று முடிவு செய்யலாகாது. 60 முதல் 90 நாளுக்குள் கால்நடை மருத்துவர் கையால் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்தவரை இந்த ஒரு பரிசோதனையைத்தான் அங்கத்தினர் அதிகமாகத் தவிர்க்கின்றனர். ‘வயிறு தெரிகிறதே’ என்பார்கள். வைக்கோல் தின்ற மாட்டுக்கும் வயிறு தெரியும்.

சினை ஊசியை இன்னும் நம்பாத பெரியவர்கள் சிலர் உளர். இம்முறை நமது நாட்டுக்குப் புதிதன்று. 1939-ஆம் ஆண்டிலேயே மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் என்பவரால் செய்து காட்டப்பட்டது. ஊசி தவறுவதைவிட நேரம் தவறுவதே மிகுதி.

அடுத்தது வைக்கோல். சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. களத்தில் வைக்கோல் மலிந்து கிடக்கும் நாள் அதுவே. ஆனியில் வாங்குபவர் அதே வைக்கோலுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். நாளொன்றுக்கு 5 கிலோ வீதம் பங்குனி முதல் ஆடி வரை 150 நாளுக்கு ஒரு மாட்டுக்கு 750 கிலோ வேண்டும். நகரத்தில் மாடு வைத்திருப்போர் பலருக்குப் போர் போட இடமில்லை என்பதை அறிவோம். அத்தகையோர் நால்வர் ஐவர் சேர்ந்து வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, பாகூர் கொம்யூன்களில் நிலமுள்ள அங்கத்தினரின் களத்திலேயே பேசிப் போர் போட்டு வைத்து, மாதந்தோறும் எடுத்துக்கொள்ளலாம். வாங்கும்போது முகர்ந்து பார்க்க வேண்டும். அறுவடை இயந்திரம் விட்டுச் சென்ற வைக்கோல் பனியில் நனைந்து அப்படியே கட்டப்பட்டிருந்தால் உள்ளே பூசணம் பிடித்திருக்கும். வெளிப்புறம் பொன்போல் இருக்கும். கட்டைப் பிரித்தால்தான் தெரியும்.

வைக்கோலில் சத்து குறைவு. அதை யூரியா கலந்து பதப்படுத்தும் முறை எளிது: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை ஏறத்தாழ 60 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாதபடி மூடி 21 நாள் வைத்திருந்து, திறந்து சிறிது நேரம் ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். இங்கும் அதே 21 நாள் வருவது தற்செயலே. அளவு மிகுந்தால் யூரியா நஞ்சாகும். கரைத்த நீரை மாடு குடிக்கும் இடத்தில் வைக்கலாகாது. ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுக்கு இவ்வைக்கோல் ஆகாது. முதன்முறை செய்பவர் தனியே செய்யாமல், கால்நடை மருத்துவரையோ அனுபவமுள்ள அங்கத்தினரையோ உடன் வைத்துக்கொண்டு செய்வது நலம்.

பசுந்தீனிக்கு நகரத்தில் வழி குறைவு. எனினும் குளியலறை நீர் ஓடும் ஓரத்தில் பத்துக் கரணை கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும், வேலியோரம் அகத்தியும் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறோம். கடலை பறிக்கும் காலத்தில் கொடியை நிழலில் உலர்த்திக் கட்டி வைத்தால் வைக்கோலைவிடப் பன்மடங்கு நல்லது. சோளம் பயிரிடுவோருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தண்ணீரின்றி வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்த தாளிலிருந்து கோடை மழைக்குத் துளிர்க்கும் மறுதாம்பிலும் கொடிய நஞ்சு உண்டு. மாடு தின்ற சில நிமிடங்களில் மூச்சுத் திணறி விழுந்துவிடும். பூக்கும்வரை அந்தப் பயிரின் அருகே மாட்டைக் கட்டவேண்டாம்.

நகரத்து மாடுகளுக்கு இன்னோர் ஆபத்து கல்யாண மண்டபம். முகூர்த்த நாட்களில் மிஞ்சிய சோற்றை வாளி வாளியாகக் கொண்டுவந்து மாட்டின் முன் கொட்டுவதை அன்பு என்று நினைக்கிறார்கள். அரிசிச் சோறு இரைப்பையில் புளித்து அமிலம் மிகுந்து, மாடு அசை போடுவதை நிறுத்தி, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனைகளுக்கு வரும் மாடுகளில் பல இவ்விதமே வருகின்றன. சோறு ஓரிரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். பால் கறந்தபின் தெருவில் அவிழ்த்து விடுவதும் அப்படியே. குப்பையில் தின்ற நெகிழிப் பை வயிற்றைவிட்டு வெளியேறுவதில்லை.

வெப்பத்தைத் தணிக்கத் தகரக் கூரையின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பலாம். பக்கங்களில் நனைத்த சாக்கு தொங்கவிடலாம். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருக்கட்டும், எந்நேரமும் நிறைந்திருக்கட்டும். கறக்கும் பசு கோடையில் 60, 80 லிட்டர் குடிக்கும். தீனியின் பெரும்பங்கைப் பகலில் போடாமல் விடியலிலும் இரவிலும் போட வேண்டும். தாது உப்புக் கலவையை நிறுத்தலாகாது. கறந்து முடித்தவுடன் சிறிது புல் போட்டு அரைமணி நேரம் பசுவை நிற்க வைத்தால், காம்புத் துளை மூடுமுன் ஈரத் தரையில் படுத்து மடிநோய் வாங்கிக்கொள்வது குறையும். இது ஒரு காசும் செலவில்லாத வேலை.

தொற்று நோய்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோமாரிக்கு ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019-இல் தொடங்கியது. ஊசி போட்ட இரண்டொரு நாள் பால் சிறிது குறையும் என்பதற்காகக் கறவை மாட்டை மட்டும் ஒளித்து வைக்கும் அங்கத்தினரை நாம் அறிவோம். நோய் வந்தால் பால் இரண்டொரு நாளோடு திரும்புவதில்லை. அந்த ஈற்றில் பழைய அளவுக்கு வராமலே போவதுண்டு. 2019-இல் ஒடிசாவில் முதலில் காணப்பட்ட தோல் கழலை நோய் 2022-இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பெருஞ்சேதம் விளைத்தது. ஈ, கொசு, உண்ணி ஆகியவை அதைப் பரப்புகின்றன. மாலையில் புகை போடுவதோடு சாணத்தை அன்றன்றே அப்புறப்படுத்துவதும் அவசியம். மதகடிப்பட்டுச் சந்தையிலோ வேறெங்கோ புதிதாக மாடு வாங்கி வருவோர், அதைப் பழைய மாட்டோடு உடனே கட்டாமல் 21 நாள் தனியே கட்ட வேண்டும். இடமில்லை என்பார்கள். உறவினர் வீட்டுக் கொல்லையில் கட்டினாலும் சரியே.

இவ்வளவு நாட்களையும் நினைவில் வைத்திருக்க எவராலும் இயலாது. 1895-ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்து வேயன் என்னும் ஊரில் சிறு விவசாயிகள் சேர்ந்து பால் பதிவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். உலகில் முதன்முதல் தோன்றிய பால் பதிவுச் சங்கம் அதுவே. எல்லோரும் பணம் போட்டு ஒருவரைச் சம்பளத்திற்கு அமர்த்தினர். அவர் வீடு வீடாகச் சென்று ஒவ்வொரு பசுவின் பாலையும் அளந்து, கொழுப்பைச் சோதித்து, தின்ற தீனியையும் எழுதி வைத்தார். எந்தப் பசு தன் தீனிக்குப் பதில் தருகிறது, எது தரவில்லை என்பது அப்போதுதான் உடையவருக்கே தெரிந்தது. நமது நாட்டில் 1946 டிசம்பர் 14-இல் ஆனந்தில் பதிவான கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கமும் அளந்து சோதித்துப் பணம் கொடுக்கும் ஒழுங்கின்மேல்தான் வளர்ந்தது. நமது ஊர்ச் சங்கங்கள் பாண்லேக்கு அனுப்பும் பாலும் அளந்தே வாங்கப்படுகிறது. பால் அளவு சங்கத்தில் எழுதப்படுகிறது. பசுவின் நாட்கள் எங்கும் எழுதப்படுவதில்லை. முத்தியால்பேட்டைச் சிறுமி எழுதியது அந்தக் குறையில் பாதியைத் தீர்த்தது.

அவ்விஷயம் பின்னர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நாம் அறிக்கையில் முதலில் எழுதியதை அடித்துவிட்டு, கண்ட நிலையையும் நாட்காட்டிக் கணக்கையும் எழுதினோம். சித்திரையில் ஈனும் என்ற மருத்துவரின் சீட்டையும் இணைத்தோம். நிர்வாகக் குழுவில் நெடுநேரம் விவாதம் நடந்தது. ஓர் இயக்குநர், “நாளைக்கு எல்லோருமே மாடு வற்றிவிட்டது என்பார்கள். அப்போது சங்கம் எதைக் கொண்டு கடன் கொடுக்கும்?” என்று வினவினார். அக்கேள்வியில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். தவணை திரும்பாத சங்கம் அடுத்த அங்கத்தினருக்கு மாடு வாங்கித் தர இயலாது. முடிவில், துணை விதிகளுக்கு உட்பட்டு, நான்கு தவணைகளையும் கடனின் கடைசியில் சேர்த்துக்கொள்வதென்றும், இனிக் கொடுக்கும் மாட்டுக் கடன்களில் எதிர்பார்க்கும் இரண்டு மாத வற்றல் காலத்திற்குத் தவணை இல்லாமல் அட்டவணை போடுவதென்றும், அதற்கு மேற்பட்ட சலுகை வேண்டுவோர் பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள், பரிசோதனை செய்த நாள் ஆகியவற்றைத் தம் கைப்பட எழுதிய நோட்டைக் காட்ட வேண்டுமென்றும் தீர்மானித்தனர். அந்த இயக்குநரின் மறுப்பும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாகியுள்ளது.

அம்மையாரின் பசு சித்திரை பத்தாம் தேதியை ஒட்டிக் கிடேரிக் கன்று ஈன்றது. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுத்து, தொப்புளில் அயோடின் தடவி, பத்தாம் நாள் குடற்புழு மருந்தும் கொடுத்தார். வைகாசி முதல் தவணை வரத் தொடங்கிற்று. அவ்வாண்டு ஆடித் தொடக்கத்தில் பசு ஈன்று 85 நாள் ஆனபோது நாம் வேறு காரியமாக அப்பக்கம் சென்றோம். மகள் ஒரு 40 பக்க நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு பக்கத்தில் நான்கு கோடுகள், ஐந்து பத்திகள்: ஈன்ற நாள், பருவம் கண்ட நாளும் நேரமும், ஊசி போட்ட நாள், 21-ஆம் நாள், பரிசோதனை நாள். பருவம் கண்ட பத்தியில் இரண்டு நாட்கள் ஏறியிருந்தன. இரண்டாவதன் எதிரே ‘இரவு 11 மணி’ என்று எழுதி, ஊசிப் பத்தியில் மறுநாள் காலையைக் குறித்திருந்தாள்.

அந்தப் பக்கத்தின் மாதிரி இப்போது அச்சங்கத்தின் பால் சேகரிப்பு அறைச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. மற்றச் சங்கங்களும் தத்தம் அங்கத்தினருக்குக் கோடு போட்டுக் கொடுக்க விரும்பினால் ஒரு நோட்டும் ஒரு அளவுகோலும் போதும். பங்குனி பிறப்பதற்கு முன் செய்தால் நலம்.